இருட்டுக்குக் கண் பழகும் நேரம்

முதன்முதலாகத் தொலைநோக்கி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெருக்கத்தை நம்பிவிடுகிறார்கள். ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அச்சடித்திருக்கும். தெரியும்தான், ஆனால் தெரிவது கலங்கிப்போன ஒரு வெளிச்சப் பொட்டு. பெருக்கம் முக்கியமில்லை ஐயா. குழாயின் வாய் எவ்வளவு அகலம், அது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே எடுக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மகன் வானம் பார்க்க ஆசைப்படுகிறான் என்று முற்றத்தில் நின்றபோது சொன்னீர்கள். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் விசாரிக்க வந்த காரியமும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் நில அளவை அலுவலகத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மனிதன் ஒன்றில் கோயில் காரியம், சங்கக் காரியம் என்று அலைய வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் இருந்து மனைவிக்குத் தொல்லை கொடுக்க வேண்டும். எனக்கு இரண்டிலும் விருப்பமில்லை. கனடாவில் இருக்கும் மகன் ஜொனதன், வரும்போது என்ன கொண்டுவர என்று கேட்டான். நான் ஒரு மாதம் படித்துத்தான் பதில் சொன்னேன். வில்லை வைத்த மெல்லிய குழாய் வேண்டாம், அதன் முக்காலி காற்றுக்கே ஆடும். குழிவாடி, அதாவது உள்ளே குழிந்த கண்ணாடி, வைத்த தெறிப்புத் தொலைநோக்கி, ஆடியின் அகலம் ஒரு சாண் இல்லாவிட்டாலும் அதற்குக் கிட்ட, கீழே சுழலும் மரத்தளம். அதுதான் தொடங்குகிறவனுக்குச் சரி. அதைப் பின்வளவில் ஒரு பனைமரக் குற்றியின் மேல் வைத்தேன். இன்றுவரை அசைந்ததில்லை.

அதைக் கையாளுவதற்குப் பொறுமை வேண்டும். இருட்டுவதற்கு முன்பே வெளியில் கொண்டுபோய் வைத்து ஆடியைக் குளிர விட வேண்டும். ஆடியில் தூசி பட்டால் துடைக்கக் கூடாது. துடைத்தால் கீறும், தூசியால் ஒன்றும் ஆகாது. எல்லாவற்றிலும் முக்கியம் கண். மனிதனின் கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் எடுக்கும். இடையில் ஒரு கணம் வெள்ளை வெளிச்சம் பட்டாலும் திரும்ப முதலிலிருந்து. அதனால் நான் சிவப்புக் கடதாசி ஒட்டிய ரோச் லைற் ஒன்றை மட்டும் பாவிப்பேன். மங்கலான பொருள்களை நேராகப் பார்க்கக் கூடாது என்பதும் ஒரு பழக்கம். சற்றுப் பக்கத்தில் பார்த்தால்தான் அவை தெரியும்.

உதயகலாவைப் பற்றிச் சொல்கிறேன். இந்த ஒழுங்கையின் கடைசியில் குடியிருப்பது எங்கள் இரண்டு வீடுகளும்தான். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெளிநாட்டில், கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. உதயகலாவின் கணவர் நெஞ்சு வருத்தத்தில் இறந்த பிறகு, அவர் தானே நின்று வெங்காயமும் வாழையும் செய்து மகள் நிவேதனாவைப் படிப்பித்தார். நாங்கள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள், அவர்கள் கந்தசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. பொங்கலுக்கு அங்கிருந்து வரும், நத்தாருக்கு இங்கிருந்து போகும். வாழைக்குலை வெட்டினால் ஒரு சீப்பு சீலாவுக்கு வராமல் இருக்காது. சீலா என் மனைவி. நீங்கள் அவவிடம் ஏற்கெனவே கதைத்திருப்பீர்கள்.

தொலைநோக்கி வந்த அன்று, என் வீட்டுக்காரிக்கும் முன்னால் அதில் நிலாவைப் பார்த்தவர் உதயகலாதான். வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அண்ணை, நிலா தலைகீழாயெல்லோ கிடக்கு?"

"உந்தக் கண்ணாடி அப்பிடித்தான் காட்டும், தங்கச்சி."

"முழுக்கக் குண்டும் குழியும். எங்கடை ஒழுங்கை மாதிரி," என்று சொல்லிச் சிரித்தார்.

நல்ல சிரிப்பு. நான் அவரை வெறுத்தேன் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் அது உண்மையில்லை.

பிரச்சினை விளக்குதான். அவர்களுடைய கழிப்பறை கிணற்றுக்கு அப்பால், வளவின் கோடியில் இருக்கிறது. கிணற்றடியைக் கடந்துதான் போகவேண்டும். போன கார்த்திகை மழையில் கிணற்றுக்கட்டின் ஒரு பக்கம் இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. அந்த இடத்தைத் தகரத்தால் மறைத்துக் கட்டிவிட்டு, கம்பம் ஒன்றை நட்டு ஒரு வெள்ளை எல்.ஈ.டி. விளக்குப் போட்டார். கிழக்குப் பக்கம். தை மாதத்தில் பார்க்க வேண்டியவை எல்லாம் இருட்டும்போது கிழக்கிலிருந்துதான் ஏறுகின்றன. விளக்கு நேரே என் குழாயின் வாய்க்குள் அடித்தது.

நான் போய்ப் பக்குவமாகத்தான் கேட்டேன்.

"தங்கச்சி, உந்த லைற்றைக் கொஞ்சம் கீழை திருப்பேலாதோ?"

"திருப்பினா வழி தெரியாது அண்ணை. கட்டும் உடைஞ்சு கிடக்கு. ஒண்டு செய்வம், நீங்கள் பாக்கிற நேரம் ஒரு சத்தம் போடுங்கோ, நான் நூத்து விடுறன்."

அப்படியே செய்தார். நான் வேலியடியில் நின்று சொல்லுவேன், அவர் விளக்கை நூர்த்துவிடுவார். முடிந்ததும் சொல்லுவேன், போடுவார். இதைவிட ஒரு அயலவர் என்ன செய்ய முடியும். சில நாட்கள் அவர் மறந்து இடையில் போட்டுவிடுவார், என் அரை மணி நேரம் வீணாகும். நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிறகு அடுத்த ஒழுங்கையில் அந்தச் சம்பவம் நடந்தது. உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் விசாரித்தீர்கள். வாளோடு வந்த பெடியள் கதவை உடைத்து, அந்த வீட்டுக்காரரின் கையில் வெட்டிவிட்டு நகையோடு போனார்கள். அடுத்த நாள் பின்னேரம் உதயகலா வேலியடிக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. இனி லைற்றை நூக்கேலாது. குமர்ப்பிள்ளையோடை தனிய இருக்கிறன். விடிய விடிய எரியட்டும்."

"ஓம், ஓம். அதுதான் சரி," என்றேன்.

சரியென்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது என்றுதான் சொல்லுவேன். ஆனால் என் பக்கத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். தொண்ணூறுகளில் யுத்தத்தால் இந்தக் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த காலம். அப்போது எனக்கு இளவயது. பதுங்குகுழி வாசலில் இருந்து நான் பார்த்த வானத்தை இப்போது எந்தப் பணக்கார நாட்டிலும் காண முடியாது. பால்வீதி கூரைக்கு மேலே புகைபோலக் கிடக்கும். அந்த நாட்கள் திரும்பி வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அநியாயமாக எத்தனை சனம் செத்தது. வானத்தை மட்டும் சொல்கிறேன்.

நான் தேடிக்கொண்டிருந்தது நண்டு நெபுலா என்ற ஒன்றை. இடபத்தின் கொம்பு நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெடித்துச் சிதறியதை ஆயிரம் வருடங்களுக்கு முன் பூமியில் இருந்தவர்கள் கண்ட ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். படத்தில் பார்த்தால் நிறம் நிறமாக இருக்கும், என்னுடையதைப் போன்ற சிறு தொலைநோக்கியில் கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரித்தான் தெரியும். அதுவும் நல்ல இருட்டு இருந்தால். மார்கழி முழுவதும் முகில். முகில் விலகிய நாட்களில் விளக்கு. தை அமாவாசையை ஒட்டி ஒரு வாரம் கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வாரம் மட்டும்தான்.

அதனால் விளக்குக்கு ஒரு தகர மறைப்புச் செய்து தருகிறேன் என்றேன். வெளிச்சம் கீழே கிணற்றடியில் மட்டும் விழும், இரண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை. உதயகலாவுக்கு மிகவும் சந்தோசம். நான் ஏணியில் ஏற, கீழே அவர் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கவனம் அண்ணை, விழுந்துபோகாதேங்கோ. பிறகு சீலா அக்காவுக்கு நான் பதில் சொல்லேலாது."

மறைப்பைப் பொருத்தினேன். அது உண்மையாகவே நல்ல மறைப்பு, அளந்து வெட்டியது. ஆனால் நிலத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் என் கண்ணைக் கெடுக்கும், அதனால் விளக்கின் பின்மூடியைக் கழற்றி, ஒரு கம்பியை விடுவித்து அதன் நுனியில் மின்சாரம் பாயாதபடி கறுப்பு ஒட்டு ரேப்பைச் சுற்றி, திரும்ப இறுக்கித் திருகிவிட்டேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே இறங்கிய பிறகு அவர் தந்த பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தேன். பனங்கட்டி வைத்துத் தந்தார்.

இரவு விளக்கு எரியவில்லை. அவர் வந்து சொன்னபோது, உந்த மலிவான குமிழ்கள் இப்படித்தான், சிவரூபனுக்குச் சொல்லும் என்றேன். சிவரூபன் இந்தப் பக்கத்தில் வயரிங் வேலை செய்கிறவன். தைப்பூசத்துக்குக் கோயிலில் அலங்கார விளக்குப் போடும் வேலையில் இருந்தான், அடுத்த கிழமைதான் வரலாம் என்றான். அதுவும் எனக்குத் தெரியும்.

"அதுமட்டும் கவனமாய் நடமாடும் தங்கச்சி. தகரத்துப் பக்கம் போகாதையும்," என்று நான் சொல்லியிருக்கிறேன். சீலாவும் பக்கத்தில் நின்றவ. நீங்கள் கேட்டுப் பார்க்கலாம்.

அது நடந்த அன்று பின்னேரம் மழை பெய்து வானம் வெளித்திருந்தது. அப்படியான நாட்களில் காற்றில் தூசி இராது. நிவேதனா மருதனார்மடத்தில் ரியூசனுக்குப் போயிருந்தாள். வகுப்பு முடிந்து இருட்டில் தனியே வரவேண்டும் என்பதற்காக வீட்டில் இருந்த ஒரே கைபேசியை அவள்தான் கொண்டுபோயிருந்தாள். இதை நான் பிறகுதான் அறிந்தேன். அறிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. வெளிச்சம் பிடிக்க உதயகலாவின் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

இராச்சாப்பாட்டுக்கு முந்திய நேரம். சீலா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. நான் கொம்பு நுனி நட்சத்திரத்தைப் பிடித்து, குழாயை ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக நகர்த்திக்கொண்டு போனேன். கண் நன்றாகப் பழகியிருந்தது. அப்போதுதான் அது வந்தது. கண் வைக்கும் பார்வைத்துண்டின் ஓரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு சாம்பல் பூச்சு. நான் மூச்சு விடவில்லை. இரண்டு மாதமாகத் தேடியது.

அந்த நேரம் தகரம் சரிந்தது. பிறகு தண்ணீரில் ஏதோ விழுந்தது.

திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். அது பிழை, திருத்திக்கொள்கிறேன். தகரச் சத்தம் கேட்டது. நாய் தட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

என்னுடைய தொலைநோக்கியில் மோட்டார் இல்லை. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் பார்க்கும் பொருள் நகர்ந்து வெளியே போய்விடும். கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டு ஒரு நிமிடம் அங்கால் போனால் திரும்ப வரும்போது அது இராது. மங்கலான பொருளைத் திரும்பப் பிடிப்பது மிகவும் கஷ்டம். இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிறகு குரல் கேட்டது. கிணற்றுக்குள் இருந்து வரும் குரல் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். கல்லில் பட்டுப் பெரிதாக வரும், ஆனால் தூரத்தில் இருந்து வருவதுபோல இருக்கும். "அண்ணை" என்று கேட்டது. கொஞ்சம் விட்டு, "ஏர்னெஸ்ட் அண்ணை" என்று கேட்டது. சத்தம் போட்டுக் கத்தவில்லை. வேலியடியில் வந்து வெங்காயத்துக்கு எப்ப மழை விடும் என்று கேட்பாரே, ஏறக்குறைய அதே தொனி. நான் அங்கே இருக்கிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

குசினிக் கதவு திறந்தது. வெளிச்சம் முதுகில் விழுந்தது. நான் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

"இஞ்சை பாருங்கோ, உதயகலா கூப்பிட்ட மாதிரிக் கேட்டுது. ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"கதவைச் சாத்தும். கண்ணிலை வெளிச்சம் படுது."

"என்னவோ மாதிரிக் கிடந்துது அந்தக் குரல்."

"அது ரீவியிலை நாடகம் போகுது."

"அங்கை வீடு இருட்டாயெல்லோ கிடக்கு?"

"சீலா, சாத்தும் எண்டுறன்."

அவ சாத்தினா. முப்பத்தைந்து வருடக் குடும்பத்தில் நான் சொன்னதை அவ ஒருநாளும் தட்டியதில்லை. அது அவவுடைய குற்றமில்லை என்று உங்கள் பதிவில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் திரும்பக் குனிந்தேன். அது இன்னும் அங்கேயே இருந்தது, விளிம்புக்குக் கிட்டப் போயிருந்தது. மெல்லத் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தவறவிட்டிருப்பேன். சற்றுப் பக்கத்தில் பார்த்தபோது அதன் நீள்வட்ட வடிவமும் தெரிந்தது. அந்த வெளிச்சம் ஆயிரக்கணக்கான வருடங்கள் பயணம் செய்து வந்து என் கண்ணில் விழுகிறது என்று யோசித்தேன். கிணற்றுக்குள் தண்ணீர் இறைக்கும் மோட்டார்க் குழாய் இருக்கிறது, பிடித்துக்கொண்டிருப்பார், நிவேதனா வருவாள் என்றும் யோசித்தேன். இரண்டையும் யோசித்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

குரல் கொஞ்ச நேரம் கேட்டது. இடையில் நிற்கும், திரும்பக் கேட்கும். கடைசியில் பெயர் இல்லை, அண்ணையும் இல்லை, வெறும் சத்தம்தான். பிறகு அதுவும் இல்லை. நான் அதற்குப் பிறகும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன். இடபம் நல்ல உயரத்துக்கு வந்திருந்தது, அதைவிட நல்ல நேரம் கிடைத்திராது.

ஒழுங்கையில் நிவேதனாவின் சைக்கிள் வந்தது. படலை திறந்தது. அம்மா, அம்மா என்று வீட்டுக்குள் இரண்டு தரம் கூப்பிட்டாள், பிறகு கிணற்றடியில் நின்று அலறினாள். நான்தான் முதலில் ஓடினேன். இதை எல்லோரும் சொல்லுவார்கள். சந்தியில் இருந்து ஆட்கள் வருவதற்குள் கயிறு கொண்டுவந்து, இந்த வயதில் நானே கிணற்றுக்குள் இறங்கினேன். உதயகலாவின் ஒரு கை மோட்டார்க் குழாயைப் பிடித்தபடி இருந்தது. விரல்களைக் கழற்றக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். மேலே கொண்டுவந்தபோது அங்கே நின்றவர்கள் என் தோளைத் தட்டினார்கள். செத்தவீட்டுக்குப் பந்தல் போடவும் நான்தான் நின்றேன். கொடிகாமத்தில் இருந்து வந்த அவருடைய தமக்கை என் கையைப் பிடித்து அழுதா.

இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு முதல் நாள் சிவரூபன் விளக்கைப் பார்க்க ஏறினான். பின்மூடியைக் கழற்றி, ஏணியில் நின்றபடியே ரேப்பைப் பிரித்துச் சட்டைப்பையில் போட்டான். பிறகு என் வளவைப் பார்த்தான். நான் கையசைத்தேன். அவன் அசைக்கவில்லை. அந்த ரேப் துண்டைத்தான் அவன் உங்களிடம் கொண்டுவந்து தந்திருப்பான்.

அன்று இரவு சீலா என் முன்னால் வந்து நின்றா. சாப்பாடு போட்டுவிட்டுத்தான் கேட்டா.

"உங்களுக்குக் கேட்டதுதானே?"

"என்னது?"

அவ குசினிக்குள் போய்விட்டா. விடிய ஒரு சிறு பையோடு மருதனார்மடத்துக்கு, தங்கை ரஞ்சினி வீட்டுக்குப் போய்விட்டா. நான் அழைப்பு எடுத்தால் ரஞ்சினிதான் எடுக்கிறா, அக்கா படுத்திருக்கிறா என்கிறா. அவ மனம் குழம்பிப் போயிருக்கிறா. காலம் எடுக்கும். வந்துவிடுவா.

இப்போது அந்த வீடும் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளையைத் தமக்கை கொடிகாமத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டா. கிழக்குப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை. ஆனால் அதன் பிறகு நான் தொலைநோக்கியை வெளியில் எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை. இதை நீங்கள் எனக்குச் சாதகமாக எழுத வேண்டும் என்று கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போவதற்கு முன் நிவேதனா இங்கே வந்தாள். நீங்கள் இப்போது இருக்கிற கதிரையில்தான் இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயதிருக்கும், ஆனால் குரல் சின்னப்பிள்ளையுடையது மாதிரி இருந்தது.

"மாமா, அண்டைக்கு நீங்கள் வெளியிலைதானே நிண்டனீங்கள்? அம்மா கூப்பிட்டவவோ?"

நான் அவளுடைய தலையில் கை வைத்தேன்.

"இல்லைப் பிள்ளை. ஒரு சத்தமும் கேக்கேல்லை. விழுந்த உடனை போயிருப்பா. ஒரு கஷ்டமும் பட்டிருக்கமாட்டா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்தபோது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது, இந்த விஷயத்தில் நான் செய்ய வேண்டிய ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று தோன்றியது. தகப்பனும் இல்லாத பிள்ளை. அவளுக்கு யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே எழுதுங்கள் ஐயா. கம்பியில் ரேப் சுற்றியது நான். கட்டு உடைந்தது தெரிந்துதான் சுற்றினேன். சீலாவைக் கதவைச் சாத்தச் சொன்னதும் நான். எல்லாவற்றிலும் கையெழுத்து வைக்கிறேன். உதயகலா என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்ற பகுதியை மட்டும் எழுதாமல் விடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நல்லது நினைக்கிறவர்கள் இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?